கண்ணாடிக்காரனுக்கு ஒரு பைனாகுலர்

டெல்லி போய்விட்டு வந்தீர்களே, என்ன பார்த்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் பிடிப்பதில்லை. பைனாகுலர் பார்த்தேன் என்கிறேன். பைனாகுலரில் என்ன பார்த்தீர்கள் என்று அடுத்த கேள்வி வருகிறது. அதற்கு வாயால் பதில் சொல்ல எனக்கு அலுப்பாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் மகள் கோமதி பாளையங்கோட்டையில் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கிறாள். தேசிய மாணவர் படையில் சேர்ந்து, வெயிலில் காய்ந்து, ஒவ்வொரு முகாமாகத் தேறி, குடியரசு தின அணிவகுப்பில் நடக்கும் பெண்கள் பிரிவுக்குத் தேர்வாகிவிட்டாள். டிசம்பர் கடைசியிலிருந்து டெல்லியில் முகாம். அவள் நடப்பதை ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று என் மனைவி செண்பகம் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கும் ஆசைதான். நான் அம்பாசமுத்திரத்தில் கணக்கு வாத்தியார். திருப்புதல் தேர்வு நேரத்தில் லீவு கேட்டால் தலைமையாசிரியர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அணிவகுப்புக்குப் பாஸும் கிடைக்கவில்லை.

செண்பகத்தின் அண்ணன் முத்தையா டெல்லியில் இருக்கிறார். மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக நுழைந்து அதிகாரியாக ஓய்வு பெற்றவர். ஜனக்புரியில் சொந்த ஃப்ளாட். அவர்தான் போனில் வழி சொன்னார்.

"இருபத்தாறாம் தேதிய விடுங்க மாப்ள. அன்னிக்கு கெடுபிடி ஜாஸ்தி, பைனாகுலர்லாம் உள்ள விட மாட்டான். பொங்கல் லீவுக்கு வாங்க. ரிகர்சல் நடக்கும்லா, தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிடலாம். தூரமாத்தான் இருக்கும். பைனாகுலர நான் வாங்கி வைக்கேன்."

அதுவரை எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பொருளைத் தொட்டதில்லை.

ரயில் மூடுபனியில் ஊர்ந்து ஊர்ந்து, காலையில் சேர வேண்டியது சாயங்காலம்தான் டெல்லியில் நின்றது. கடைசி நாள் பூராவும் ஜன்னலுக்கு வெளியே வெள்ளைத் துணி கட்டியதுபோல் இருந்தது. எதிர் இருக்கைக்காரர் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கித் தேநீர் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்று இந்தியில் எங்களுக்கு ஆறுதல் சொன்னார். எனக்கு இந்தி கேட்டால் புரியும், பேசத்தான் வராது. மத்தியானத்துக்குப் பிறகு அவரே அதை நம்பவில்லை. எனக்கு முதுகு ஒரு பக்கம், முழங்கால் ஒரு பக்கம் வலித்தது.

பிளாட்பாரத்தில் மச்சானை எனக்கு அடையாளம் தெரியவில்லை. எல்லா ஆண்களும் ஒரே மாதிரி குரங்குக் குல்லாய் போட்டிருந்தார்கள். அதில் ஒரு குல்லாய் என் பெட்டியைப் பிடுங்கியபோது நான் திருப்பிப் பிடுங்கினேன்.

"நான்தான் மாப்ள! ஜல்தி வாங்க, ஆட்டோக்காரன் நிக்க மாட்டான்" என்றார்.

வீட்டில் மதினி, அதாவது மச்சானின் மனைவி, சுடச்சுடத் தோசை போட்டுக் கொடுத்தார். ஊர்த் தோசைபோல் மெத்தென்று இல்லை. "இந்தக் குளிர்ல மாவு பொங்கவே மாட்டேங்கு. ரஜாய்க்குள்ள பிள்ளைய படுக்கப் போட்ட மாதிரி போத்தி வச்சிருக்கேன், அப்பவும் இவ்ளோதான்" என்றார். ரஜாய் என்பது பஞ்சு அடைத்த கனத்த போர்வை. மாவுக்கு ஒன்று, மனிதர்களுக்கு ஒன்று என்று அந்த வீட்டில் கணக்கு. நான் மூன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் மச்சான் உள்ளே போய் ஒரு சின்ன உறையுடன் வந்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற கறுப்பு பைனாகுலர். இரண்டாக மடங்கியது.

"பன்னெண்டு மடங்கு மாப்ள. கடைக்காரன் எட்டு மடங்குதான் எடுத்துக் காட்டுனான். நான் விடல. நம்ம பிள்ளைய பாக்கதுக்கு எட்டு எதுக்கு, பன்னெண்டு குடுன்னேன். பாருங்க, பாருங்க."

பால்கனியில் கொண்டுபோய் நிறுத்தினார். எதிர்க் கட்டடத்தில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். நான் பைனாகுலரை என் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தேன்.

எனக்கு மைனஸ் ஒன்பது. சோடாப் புட்டி என்று எட்டாம் வகுப்புப் பையன்கள் முதுகுக்குப் பின்னால் சொல்லும் ரகம். அந்தக் கண்ணாடியோடு பார்த்தபோது சாவித் துவாரம் அளவுக்கு ஒரு வட்டம் தெரிந்தது. அதற்குள் ஒரு துணிக் கிளிப். சுற்றிலும் இருட்டு. தலையைக் கொஞ்சம் அசைத்ததும் ஒரு கறுப்புப் பிறை இடப்பக்கமிருந்து வந்து கிளிப்பையும் மூடிவிட்டது. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். நடுவில் இருக்கும் சக்கரத்தைக் கடைசி வரைக்கும் திருகியும் எல்லாம் பஞ்சுப் பொதியாகவே இருந்தது.

"தெரியுதா?" என்றார் மச்சான்.

செண்பகம் பின்னாலிருந்து என் சட்டையை இழுத்தாள்.

"தெரியுது மச்சான். பிரமாதமா இருக்கு" என்றேன்.

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். செண்பகமும் வாங்கிப் பார்த்து, "ஏ யப்பா, எவ்ளோ கிட்ட!" என்றாள். படுக்கும்போது அவளிடம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றேன். "அண்ணன் ஆசையா வாங்கி வச்சிருக்காவ. வாய வச்சிட்டு சும்மா இருங்க" என்று ரஜாயைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

பெண் எடுத்த வீட்டில் கொடுத்த பொருளைக் குறை சொல்லும் பழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. உப்பில்லாத சாம்பாரையே அமிர்தம் என்று சாப்பிட்டு வளர்ந்தவன் நான். சாம்பார் அன்றோடு போய்விடும். இங்கே நான் வந்ததே பார்ப்பதற்கு. பார்க்க வேண்டிய பொருள் வழியாகப் பார்க்க முடியாது, அதைச் சொல்லவும் முடியாது.

மறுநாள் பொங்கல். மதினி குக்கரில் பொங்கல் வைத்தார். மஞ்சள் கொத்துக்குப் பதிலாக ஒரு மஞ்சள் கிழங்கை நூலில் கட்டிக் குக்கர் கைப்பிடியில் தொங்கவிட்டார். விசில் வந்ததும் எல்லோரும் "பொங்கலோ பொங்கல்" என்றோம். பக்கத்து ஃப்ளாட் பஞ்சாபி அம்மாள் கதவைத் திறந்து, என்ன ஆயிற்று, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

அப்புறம் ஆர்.கே.புரம் மலை மந்திருக்குப் போனோம். டெல்லித் தமிழர்களில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். படியேறி முருகனைக் கும்பிட்டு, கீழே பார்க்கிற இடத்தில் நின்றதும் மச்சான் உறையைத் திறந்தார். அவருடைய பழைய அலுவலக நண்பர்கள் கூடிவிட்டார்கள். பைனாகுலர் கை மாறிக் கை போயிற்று. ஒருவர் ஒரு நொடி வைத்து, "அச்சா சீஸ் ஹை", நல்ல சாமான் என்று அடுத்தவரிடம் தள்ளினார். இன்னொருவர் தடித்த கண்ணாடி போட்டவர், பைனாகுலரை வைத்த வேகத்திலேயே எடுத்து, "ஃபர்ஸ்ட் கிளாஸ் முத்தையா" என்றார். சக்கரத்தை யாரும் தொடவில்லை. இரண்டு குழல்களையும் அவரவர் கண் இடைவெளிக்கு விரிக்கவும் இல்லை. பிரசாதம் வாங்குவதுபோல் வாங்கி, கண்ணில் ஒற்றி, கொடுத்தார்கள்.

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகவும் நிறையப் பயமாகவும் இருந்தது. ஒத்திகை நாளும் இப்படியே போய்விடும். என் பெண் கண் முன்னால் நடந்து போவாள், நாங்கள் எல்லோரும் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று சொல்லிக்கொண்டு நிற்போம்.

சாயங்காலம் உறைக்குள் இருந்த துண்டுத்தாளை எடுத்துப் படித்தேன். பொடி எழுத்து. கண்ணாடி அணிபவர்கள் பின்பக்க ரப்பர் வளையத்தை மடித்துக்கொள்ளவும் என்று ஒரு வரி இருந்தது. மடித்துப் பார்த்தேன். சாவித் துவாரம் ஐம்பது காசு அளவுக்குப் பெரிதாயிற்று. ஒரு கிளிப் தெரிந்த இடத்தில் ஒரு சட்டைக் கை தெரிந்தது. சரி, இதாவது கிடைத்ததே என்று மேஜை மேல் வைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் மச்சான் வளையத்தைக் கவனமாக நிமிர்த்திக்கொண்டிருந்தார். "பாருங்க மாப்ள, புதுசு, அதுக்குள்ள ரப்பர் மடிஞ்சு போச்சு" என்றார்.

அதோடு முடிவு செய்துவிட்டேன். யாருக்கும் தெரியாமல் எனக்கென்று ஒன்று வாங்க வேண்டும்.

மூன்றாம் நாள் செங்கோட்டை பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன். செண்பகத்துக்குக் காலெல்லாம் வீக்கம், வரவில்லை என்றாள். மெட்ரோவில் ஏறி உட்கார்ந்தேன். உட்கார இடம் கிடைத்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். துவாரகா பக்கம் கடைசி ஸ்டேஷனில் எல்லோரும் இறங்கிப்போன பிறகு ஒரு காவலர் வந்து, "பெரியவரே, வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது, நீங்களும் போங்கள்" என்றார். எதிர்த் திசையில் வந்திருக்கிறேன். திரும்பும் வண்டியில் நிற்கவே இடமில்லை. என் முதுகில் ஒருவருடைய பை, என் தோளில் இன்னொருவருடைய தூக்கம்.

முதலில் கன்னாட் பிளேஸில் ஒரு பெரிய கடை. அங்கே இருந்த விற்பனையாளர் வெகு மரியாதையாக ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு, இருபது மடங்கு. இருபதில் பார்த்தபோது சாவித் துவாரம் ஊசித் துவாரமாயிற்று, அதுவும் கை நடுக்கத்தில் ஆடிற்று. என் கண்ணாடியைக் காட்டினேன். "கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள் ஐயா, இது அதைவிட நல்ல கண்ணாடி" என்றார். அவர் மேல் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. வெளியே வந்து வட்டமான அந்தத் தூண் வரிசையிலேயே சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தேன்.

ஒரு வண்டியில் ஒருவர் சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சுட்டு விற்றார். தோலுரித்து, துண்டு போட்டு, எலுமிச்சை பிழிந்து, காரமும் புளிப்புமாக ஏதோ பொடி தூவிக் கொடுத்தார். எங்கள் ஊரில் கிழங்கை அவித்துத் தின்பதோடு சரி. குளிருக்கு அது தொண்டையில் இறங்கியது சுகமாக இருந்தது. டெல்லியில் எனக்கு முழுசாகப் பிடித்தது அது ஒன்றுதான்.

அங்கிருந்து சாந்தினி சௌக். கேமரா கடைகள் நிறைந்த ஒரு சந்து இருக்கிறது என்று கிழங்குக்காரர்தான் சொன்னார். சைக்கிள் ரிக்‌ஷா கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. முன்னால் ஒரு ரிக்‌ஷா, அதற்கு முன்னால் ஒரு மாடு, அதற்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்கு வாங்கின மெத்தை. மெத்தைக்காரரும் மாட்டுக்காரரும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். "உன் மாடு உட்கார்ந்துவிட்டது" என்றார் ஒருவர். "உன் மெத்தையைப் பார்த்துத்தான் உட்கார்ந்தது" என்றார் மற்றவர். நான் இறங்கி நடந்தேன்.

நுழைந்த கடையில் எனக்கு முன்பே ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். மூக்கில் என்னுடையதைவிடத் தடிமனான கண்ணாடி. ஓக்லா பக்கம் யமுனைக் கரையில் பறவை பார்க்கப் போகிறவராம். ரிப்பேருக்குக் கொடுத்த பைனாகுலரை வாங்க வந்திருந்தார். நான் கடைக்காரரிடம் எத்தனை மடங்கு என்று கேட்டதும் அந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"மடங்கை விடுங்கள்" என்றார் இந்தியில். "நம்மைப் போன்றவர்கள் கேட்க வேண்டியது வேறு. கண்ணை எவ்வளவு தூரம் வரைக்கும் தள்ளி வைத்தால் படம் முழுசாகத் தெரியும் என்று கேளுங்கள். ஐ ரிலீஃப் என்று பெட்டியில் மில்லிமீட்டரில் போட்டிருப்பான். உங்கள் கண்ணுக்கும் பைனாகுலருக்கும் நடுவில் இந்தக் கண்ணாடி நிற்கிறது இல்லையா? அதற்கும் சேர்த்து இடம் வேண்டும். பதினைந்துக்குக் குறைந்தால் எடுக்காதீர்கள். சின்ன பைனாகுலரில் பெரும்பாலும் பத்துதான் இருக்கும். மடங்கு ஏற ஏற அதுவும் குறைந்துகொண்டே போகும்."

கணக்கு வாத்தியாருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஜன்னலை ஒட்டி நின்றால் தெரு முழுவதும் தெரியும், அறையின் மூலையில் நின்றால் எதிர்வீட்டுக் கதவு மட்டும் தெரியும். மைனஸ் ஒன்பது என்னை மூலையில் நிறுத்தியிருந்தது, அவ்வளவுதான். மூன்று நாளாக என் கண்ணைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் அலுத்துக்கொண்டே உள்ளே போய், எட்டு மடங்கில் ஒன்று கொண்டுவந்தார். பெட்டியில் பதினாறு என்று இருந்தது. பின் வளையத்தைத் திருகினால் உள்ளே இறங்கிக்கொண்டது. அந்த அம்மாளே குழல்களை என் கண் இடைவெளிக்கு விரித்துக் கொடுத்தார். முதலில் இடக்கண்ணுக்குச் சக்கரம், அப்புறம் வலக்கண்ணுக்கு அந்தப் பக்கத்து வளையம் என்று சரிசெய்யச் சொன்னார். வாசலில் நின்று பார்த்தேன்.

சந்து முழுவதும் வட்டமாக எழுந்து வந்தது. இருட்டு இல்லை, பிறை இல்லை. நடுவில் மின்கம்பிச் சிக்கல். ஓரத்தில் ஒரு குரங்கு, தன் குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. தலையை அசைத்தாலும் படம் போகவில்லை. நெற்றியில் இரண்டு நாளாக இருந்த வலி இறங்குவது எனக்கே தெரிந்தது. அந்த அம்மாளுக்கு நன்றி சொல்ல வாயைத் திறந்தேன், இந்தி வரவில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மச்சான் கேட்டார்: "செங்கோட்டைய பாத்தீயளா? இந்த நேரத்துல பந்த் பண்ணி வச்சிருப்பானே?"

"வெளிய இருந்து பாத்தேன்" என்றேன். புதுச் சாமான் என் ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு இருந்தது.

நான்காம் நாள் ஒத்திகை. விடிந்தும் விடியாத நேரத்தில் இந்தியா கேட் பக்கம் போய்விட்டோம். நான், செண்பகம், மச்சான். மதினி குளிருக்குப் பயந்து வரவில்லை, சப்பாத்தி சுருட்டிக் கொடுத்தனுப்பினார். தடுப்புக்கு வெளியே புல்வெளியில் எங்களைப்போல் சிலர் நின்றார்கள். புல் ஈரம் செருப்பைத் தாண்டி விரலைக் கடித்தது. எங்கோ பேண்டு வாத்தியம் கேட்டது, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. காலில் உணர்ச்சி போய் ரொம்ப நேரமாயிற்று. ஒரு போலீஸ்காரர் மச்சானிடம் வந்து, என்ன அது என்று பைனாகுலரைக் கேட்டார். மச்சான் கொடுத்தார். அவர் பனியை ஒரு தடவை பார்த்துவிட்டு, "நன்றாகத் தெரிகிறது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வெயில் ஏறப் பனி கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. நான் மெதுவாக என்னுடையதை வெளியே எடுத்தேன். மச்சான் பார்த்துவிட்டார்.

"இது ஏது?"

"நேத்து வாங்குனேன் மச்சான். என் கண்ணாடிக்கு அது சரிப்பட்டு வரல."

அவர் தன் கையிலிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே மாப்ள? நான் என்ன நெனைக்கப் போறேன்" என்றார். பிறகு என்னுடையதை வாங்கிப் பார்த்து, "ரெண்டும் ஒண்ணுதான்" என்று கொடுத்துவிட்டார். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

பெண்கள் பிரிவு வந்தபோது மணி ஒன்பது தாண்டியிருக்கும். வரிசை வரிசையாக ஒரே உயரம், ஒரே தொப்பி, ஒரே கை வீச்சு. செண்பகம் அண்ணன் கையிலிருந்து பைனாகுலரைப் பிடுங்கினாள். முந்தின வாரம் போனில் கோமதி தன் இடத்தைச் சொல்லியிருந்தாள்: முன்னாலிருந்து மூன்றாவது வரிசை, இந்த ஓரம்.

"பாத்துட்டேன்! அந்தா போறா! நம்ம கோமதி! கழுத்த எப்படி நிமித்தி வச்சிருக்கா பாருங்க!" செண்பகம் அழுதுகொண்டே கத்தினாள். மச்சானும் வாங்கிப் பார்த்து, "ஆமா, நம்ம பிள்ளையேதான்" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

நான் பார்த்தேன். முன்னால் போன பிரிவு நின்றுவிட்டதால் பெண்களையும் நிறுத்தியிருந்தார்கள். மூன்றாவது வரிசை ஓரத்தில் நின்றது கோமதி இல்லை. வரிசை மாறியிருக்கலாம் என்று அடுத்ததைப் பார்த்தேன். பரீட்சை ஹாலில் முகம் முகமாகப் பார்த்துப் பழகிய கண். முதல் வரிசையிலிருந்து கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது, துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். கோமதி இல்லை.

அவளைப் பார்த்தது வட்டத்தின் ஓரத்தில். சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பேருந்து நின்றது. அதன் பக்கத்தில் இதே சீருடையில் நாலைந்து பெண்கள். அதில் ஒருத்தி மார்போடு சேர்த்து ஒரு குவியல் ஸ்வெட்டர்களை அணைத்துக்கொண்டிருந்தாள். நடப்பவர்கள் கழற்றிக் கொடுத்தவை போலிருந்தது. பிரிவு மறுபடி கிளம்பியது. அவள் உதடு எண்ணிக்கை சொல்லி அசைந்தது. குதிகால் நின்ற இடத்திலேயே தாளம் போட்டது. என் மகள்தான். அந்தப் பன்னிரண்டு மடங்கு சாவித் துவாரத்தில் இந்த ஓரம் எனக்குக் கிடைத்திருக்காது. கிடைக்காமல் இருந்திருக்கலாம் என்று அந்த நேரத்தில் தோன்றியது.

"உங்களுக்குத் தெரிஞ்சுதா?" என்று செண்பகம் கேட்டாள்.

"ம்" என்றேன்.

திரும்பும் வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். மச்சான் அம்பாசமுத்திரத்துக்கும் தென்காசிக்கும் போன் போட்டு, கோமதி நடந்ததைக் கண்ணால் பார்த்தோம் என்று எல்லோருக்கும் சொன்னார். மதினி கேரட் அல்வா கிளறி வைத்திருந்தார். நான் சாப்பிட்டேன், ருசி தெரியவில்லை. எதற்காகப் பொய் சொன்னாள் என்று கோபம் வந்தது. அப்புறம் ஸ்வெட்டர்களை அணைத்துக்கொண்டு நின்ற கோலம் ஞாபகம் வந்து, கோபம் நிற்கவில்லை. நாங்கள் டிக்கெட் எடுத்துவிட்டோம் என்று சொன்ன பிறகு அவளால் எப்படிச் சொல்லியிருக்க முடியும்? ஆசையாக வருகிறவர்களிடம் ஒன்றும் இல்லை என்று சொல்லும் தைரியம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

முகாமில் சாயங்காலம் கொஞ்ச நேரம் போன் கொடுப்பார்கள். அழைப்பு வந்ததும் செண்பகம் எல்லோருக்கும் கேட்கும்படி போட்டாள்.

"அம்மா, வந்தீயளா? பாத்தீயளா?" கோமதியின் குரல் தயங்கியது.

"பாத்தோம்ட்டி! மூணாவது வரிச! என்னா நட!"

 போனில் பின்னாலிருந்து பெண்களின் சத்தம் மட்டும் வந்தது. பிறகு மிகச் சின்னதாக, "அப்பா?" என்றாள். "அப்பா பாத்தாவளா?"

மச்சான் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், சொல்லுங்க சொல்லுங்க என்று. பார்த்தேன் என்று சொன்னால் அவள் அந்தப் பொய்யோடு ஊர் வரைக்கும் வர வேண்டும். பேருந்து பக்கத்தில் பார்த்தேன் என்று சொன்னால் குன்றிப்போய்விடுவாள்.

"இல்லம்மா" என்றேன். "எனக்கு எந்த முகமும் பிடிபடல. நீ எங்க நின்ன, நீயே சொல்லேன்."

செண்பகம் திகைத்து என்னைப் பார்த்தாள். போனில் கோமதி மூச்சை இழுத்துவிடுவது கேட்டது. அடுத்து அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அப்பா, நான் நடக்கலப்பா. முழங்காலுக்குக் கீழ ஒரே வலி. டாக்டர் ரெஸ்டுன்னு எழுதிட்டாரு. என்ன ரிசர்வ்ல வச்சிட்டாங்க. இருபத்தாறாந்தேதியும் நடக்க மாட்டேன். பஸ் பக்கத்துல எல்லாரு ஸ்வெட்டரையும் பிடிச்சிட்டு நின்னேன். நீங்க அவ்ளோ தூரத்துல இருந்து வாறீயன்னு..."

"அதுக்கென்னம்மா" என்றேன். "கால் எப்படி இருக்கு இப்ப?"

"வலி கொறஞ்சிருக்குப்பா." மூக்கை உறிஞ்சினாள். "நீங்க பாக்காதது நல்லதாப் போச்சு."

 மச்சான் எழுந்து போய் ஹீட்டரை ஏதோ திருகினார். செண்பகம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அந்த முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விடுமோ என்று நான் பயந்தேன்.

"அப்பம் அந்த மூணாவது வரிச ஓரத்துல நான் பாத்தது யாரட்டி?" என்று கேட்டாள்.

"அது என் எடம்தாம்மா. இப்ப ஒடிசாப் பிள்ள ஒருத்தி நடக்கா. அவளும் போன வாரம் வரைக்கும் ரிசர்வ்ல நின்னவதான்."

செண்பகம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அவளப் பாக்க அவ அம்மா வந்திருந்தாளா?"

"இல்லம்மா. அவங்க எங்க வருவாங்க?"

"நல்லா நடந்தா" என்றாள் செண்பகம். "நான் பாத்தேன்னு அவகிட்ட சொல்லு."